கம்ப்யூட்டரில் 8 ஜிபி ராம் போட்டும் 4 தான் காட்டுகிறதா?

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி போய் 'ஹார்ட்வேர் ரிசர்வ்டு' (விண்டோஸுக்குக் கிடைக்காமல் ஒதுக்கப்பட்ட ராம்) எவ்வளவு என்று பாருங்கள். சில நூறு எம்பி என்றால் விட்டுவிடுங்கள், பெரும்பாலும் அது கிராஃபிக்ஸுக்குப் போகும் பங்கு. பல ஜிபி என்றால்தான் சிக்கல். விண்டோஸ் 32 பிட்டா? 4 ஜிபிக்கு மேல் போட்டதெல்லாம் வீண், 64 பிட்டைப் புதிதாக நிறுவத்தான் வேண்டும்.

64 பிட்தான் என்றால் எம்எஸ்கான்ஃபிக்கில் (ஸ்டார்ட்டில் msconfig என்று தேடினால் வரும் செட்டிங்) பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் 'மேக்சிமம் மெமரி' டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். வேகம் கூடும் என்று யாரோ சொன்னதை நம்பி அதை டிக் செய்துவிட்டு, ஒரு நாள் முழுக்க ராமைத் திட்டியவன் நான்.

அப்புறமும் சரியாகவில்லையா? கரண்டைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி, தங்க நிற விளிம்பை ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைத்து, கிளிப் 'டக்' என்று விழும்வரை அழுத்துங்கள். பயாஸிலேயே (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் செட்டிங் திரை) 4 என்று காட்டினால் ஒவ்வொரு ராமாக, ஒவ்வொரு ஸ்லாட்டாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.