முதல் கிட்டார்: கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

பளபளப்பை விடுங்கள், 12ஆம் ஃப்ரெட்டை, அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் தலைப்பக்கமிருந்து 12ஆவதைப் பாருங்கள். ஸ்டீல் கம்பி கிட்டாரில், தடித்த கம்பிக்கும் அந்த ஃப்ரெட்டுக்கும் இடைவெளி சுமார் 2.5 மி.மீ. இருக்கலாம். 3.5ஐத் தாண்டினால் விரல் நோகும், அழுத்தும்போது சுருதியும் ஏறும். புதிதாகப் பழகுபவர் கிட்டாரை மூலையில் சாத்திவைக்க இது ஒன்றே போதும்!

சுருதி சேர்த்தபின், 12ஆம் ஃப்ரெட்டுக்கு நேர்மேலே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டுங்கள்; பிறகு அங்கேயே அழுத்தி மீட்டுங்கள். ட்யூனரில் (சுருதி காட்டும் கருவி) இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் கம்பி இரைந்தால், பெரும்பாலும் அடுத்த ஃப்ரெட் தூக்கியிருக்கும்.

நைலான் கம்பி விரலுக்கு இதம். ஆனால் கழுத்து அகலம்: நட்டில் (கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகள் தங்கும் பட்டை) சுமார் 52 மி.மீ., ஸ்டீலில் 43 தான். நைலான் கிட்டாரில் ஸ்டீல் கம்பி மாட்டவே கூடாது. இழுப்பு தாங்காமல், கம்பிகளை உடலோடு பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்துவிடலாம்.