தாத்தா பர்மாவுக்குப் போகவே இல்லை

எங்கள் வீட்டுக் கூடத்தில் தாத்தா பட்டாளத்து உடுப்பில் நிற்கும் படம் ஒன்று தொங்கும். "இரண்டாம் உலகப் போரில் பர்மா சண்டைக்குப் போனவர்" என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அந்த ஒரே படத்தை வைத்துக்கொண்டு ஒன்றரை வருஷம் அலைந்தேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு படம் இருந்தால், நான் கடைசியாகச் செய்ததை நீங்கள் முதலில் செய்யுங்கள்: சட்டத்தைக் கழற்றிப் படத்தின் முதுகைப் பாருங்கள்.

படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம். நான் பிய்த்ததில் தாத்தாவின் இடது காது கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. கண்ணாடியோடு வைத்தே ஸ்கேன் எடுக்கலாம். முதுகில் ஸ்டூடியோ முத்திரை, பென்சில் கிறுக்கல், அச்செழுத்து எது இருந்தாலும் தனியாகப் படமெடுங்கள். எங்கள் படத்தின் பின்னால் 'கார்ட்டோலினா போஸ்டாலே' என்று அச்சாகியிருந்தது. இத்தாலிய மொழியில் தபால் அட்டை. பர்மாவில் இத்தாலிய அட்டைக்கு என்ன வேலை?

அப்புறம்தான் உடுப்பு. பதவி அதில் தெரியும். கையில் வி வடிவப் பட்டை ஒன்று என்றால் லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். தோளில் நட்சத்திரம் ஒன்று இருந்தால் அந்தக் காலத்து ஜமேதார், இரண்டு சுபேதார். தோளுக்குக் கீழே துணியில் தைத்த டிவிஷன் (பெரிய படைப்பிரிவு) சின்னத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கருப்புப் பூனை என்றால் பர்மாவில் சண்டை போட்ட 17வது டிவிஷன். சிவப்புக் கழுகு என்றால் வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் இருந்த 4வது டிவிஷன். கருப்பு வெள்ளைப் படத்தில் கழுகு வெறும் கறைபோலத்தான் தெரியும். நான் பூஞ்சை என்று நினைத்துத் துடைக்கப் போனேன்.

மார்பில் இருப்பது ரிப்பனா, பதக்கமா என்றும் கவனியுங்கள். சண்டைக் காலத்தில் ரிப்பன்தான். நட்சத்திரப் பதக்கங்களே தொங்கினால் படம் சண்டை முடிந்தபின் எடுத்தது.

இவ்வளவு கிடைத்தாலும் சர்வீஸ் நம்பர் இல்லாமல் காரியம் நகராது. டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் காகிதம், பழைய மணியார்டர் துண்டு எல்லாவற்றையும் தேடுங்கள். நம்பர் கிடைத்ததும், பெயர், அப்பா பெயர், ஊர், தாலுகாவோடு ரெஜிமெண்டின் ஆவண அலுவலகத்துக்கு எழுதுங்கள். பாலம் போடுவது, கண்ணிவெடி எடுப்பது போன்ற வேலை பார்க்கும் மதராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூர், மதராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன். பெயரை அன்றைய கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். முனுசாமிக்கு நாலு எழுத்துக்கூட்டல் தயாராக இருக்கட்டும்.

யூனிட் தெரிந்துவிட்டால் அதன் போர் நாட்குறிப்பு லண்டனில், கியூ என்ற இடத்திலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கக்கூடும். இத்தாலி டபிள்யூஓ (வார் ஆபீஸ், அதாவது பிரிட்டிஷ் போர்த்துறை) 170 வரிசை, மத்திய கிழக்கு 169, தென்கிழக்கு ஆசியா 172. சிப்பாய்களின் பெயரை அதில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். எந்த நாளில் எந்த ஆற்றுக்குப் பாலம் போட்டார்கள் என்பது கிடைக்கும், அது போதும். மதராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்பிரமணியன் 1944ல் இத்தாலியில், கண்ணிவெடி மேல் தன் உடலைப் போட்டு மற்றவர்களைக் காப்பாற்றி, பிரிட்டனின் உயரிய வீர விருதான ஜார்ஜ் கிராஸ் பெற்றார். அது தெரிந்தபிறகுதான் நம் ஊர் ஆட்கள் அவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்பதே எனக்கு உறைத்தது.

வீட்டுப் பெரியவர்களிடம் "தாத்தா எங்கே சண்டை போட்டார்?" என்று கேட்காதீர்கள், பர்மா என்றுதான் வரும். படத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா உட்காருங்கள். என் அத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தக் கம்பளிக் கோட்டைத்தான் மார்கழியிலே போட்டுக்கிட்டுத் திண்ணையிலே உக்காருவாரு. அங்கே பனி, பஞ்சு மாதிரி கொட்டும்பாரு. நாங்கதான் கதை விடுறாருன்னு சிரிப்போம்."