ஒரு சில்லை வைத்து அடுக்குக்குறி வளர்ச்சியைப் படிப்போம்

1971-ல் இன்டெல் நிறுவனம் 4004 என்ற சில்லை (கணினிச் சிப்பை) விற்பனைக்குக் கொண்டுவந்தது. விரல் நகத்தைவிடச் சிறிய அந்தச் சிலிக்கான் துண்டில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள், அதாவது மின்சாரத்தை விட்டு நிறுத்தும் மிகச் சிறிய சுவிட்சுகள், இருந்தன. அங்கிருந்தே தொடங்கலாம். நோட்டும் கால்குலேட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: முதலில் ஊகம்

இரண்டு ஆண்டு கழித்து 2,300 என்பது 4,600 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் 14 ஆண்டு கழித்து, அதாவது 1985-ல், எவ்வளவு இருக்கும்? கணக்குப் போடாமல் தோன்றியதை எழுதுங்கள். அதை அழிக்க வேண்டாம், பிறகு தேவைப்படும்.

படி 2: இரண்டு பத்திகள்

இடப்பக்கம் ஒவ்வொரு இரண்டாண்டுக்கும் 2,300-ஐக் கூட்டுங்கள்:
2,300, 4,600, 6,900, 9,200, 11,500, 13,800, 16,100, 18,400.

வலப்பக்கம் ஒவ்வொரு முறையும் 2-ஆல் பெருக்குங்கள்:
2,300, 4,600, 9,200, 18,400, 36,800, 73,600, 1,47,200, 2,94,400.

முதல் இரண்டு எண்கள் இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆனால் இடப்பக்கம் 14 ஆண்டில் தொட்ட 18,400-ஐ வலப்பக்கம் ஆறே ஆண்டில் தொட்டுவிட்டது. சரி, உண்மையில் என்ன நடந்தது? 1985-ல் வந்த 80386 சில்லில் 2,75,000 டிரான்சிஸ்டர்கள்! இப்போது உங்கள் ஊகத்தை எடுத்துப் பாருங்கள், எந்தப் பத்திக்குப் பக்கத்தில் இருக்கிறது?

இன்னும் ஒன்று செய்யுங்கள். வலப்பக்கத்தில் அடுத்தடுத்த எண்களைக் கழித்தால் 2,300, 4,600, 9,200 என்று அதே பத்தி திரும்ப வரும். வகுத்தால் எப்போதும் 2 மட்டுமே வரும். இருப்பது எவ்வளவோ அதற்கேற்ப வளர்வதுதான் அடுக்குக்குறி வளர்ச்சி. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது.

படி 3: சூத்திரம்

14 ஆண்டில் ஏழு முறை இரட்டிப்பு. ஆகவே 2,300 × 2⁷. ஆண்டுகளை ‘ஆ’ என்று வைத்தால்:

எண்ணிக்கை = 2,300 × 2^(ஆ ÷ 2)

முதலில் அடுக்கைக் கண்டுபிடியுங்கள், அப்புறம்தான் 2,300-ஆல் பெருக்க வேண்டும்.

நிறையப் பேர் 2-ஆல் வகுக்க மறந்து 2¹⁴ என்று போட்டுவிடுவார்கள். விடை 3,76,83,200 என்று வரும். அது ஆண்டுதோறும் இரட்டிப்பாவதன் கணக்கு. சில்லில் அடங்கும் பாகங்களின் எண்ணிக்கை பற்றி, இன்டெல் நிறுவனர்களில் ஒருவரான கார்டன் மூர் 1965-ல் முதலில் சொன்னதும் ஆண்டுக்கு ஒரு இரட்டிப்புதான்; 1975-ல் அதை இரண்டு ஆண்டு என்று அவரே திருத்தினார். அடுக்கில் இருக்கும் ஒரு சிறு வகுத்தல் 2.9 லட்சத்துக்கும் 3.7 கோடிக்கும் உள்ள வித்தியாசத்தையே உண்டாக்குகிறது.

படி 4: சோதித்துப் பாருங்கள்

1989-ல் 80486 வந்தது. ஆ = 18, அடுக்கு 9, 2⁹ = 512. விடை 11,77,600. சில்லில் இருந்தது ஏறத்தாழ 12 லட்சம். 1993-ன் பென்டியத்துக்குச் சூத்திரம் 47 லட்சம் என்கிறது, இருந்ததோ 31 லட்சம். இந்த இரட்டிப்பு இயற்கை விதி அல்ல, மனிதர்கள் கவனித்துச் சொன்ன போக்கு. அதனால் விலகல் வரத்தான் செய்யும்.

கடைசியாக 1978-ன் 8086. ஆ = 7, அடுக்கு மூன்றரை. 2-ஐ மூன்றரை முறை எப்படிப் பெருக்குவது? மூன்று முறை பெருக்கி 8. மீதி அரைக்கு √2, அதாவது 1.414. இரண்டையும் பெருக்கினால் 11.31. அதை 2,300-ஆல் பெருக்க, சுமார் 26,000. சில்லில் இருந்தவை 29,000.