கம்ப்யூட்டர் கடிகாரம் வேகமாக ஓடுகிறதா? பேட்டரி வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்

கம்ப்யூட்டரில் நேரம் முன்னால் ஓடுகிறது என்றாலே எல்லாரும் சொல்வது "சீமாஸ் பேட்டரியை மாத்துங்க" என்பதுதான். மதர்போர்டில் இருக்கும் அந்த 3 வோல்ட் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோனால் நேரம் பின்தங்கும், அல்லது ஆன் செய்யும்போதெல்லாம் ஏதோ பழைய தேதியில் போய் நிற்கும். முன்னால் ஓடுவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு.

முதலில் போன் நேரத்தோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் கச்சிதமாக ஐந்தரை மணி நேரம் என்றால் கடிகாரத்தில் பழுதே இல்லை. ஒரே மெஷினில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால் இப்படி ஆகும்: விண்டோஸ் இந்திய நேரத்தை அப்படியே மதர்போர்டில் எழுதி வைக்கும், லினக்ஸ் அதை யுடிசி, அதாவது உலகப் பொது நேரம், என்று நினைத்து மேலே 5:30 கூட்டிவிடும். இரண்டில் ஒன்றை மற்றதன் வழக்கத்துக்கு மாற்றினால் போதும். விண்டோஸ் மட்டும்தான் என்றால் டைம் ஸோன் 'சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூ டெல்லி' என்று இருக்கிறதா பாருங்கள்.

அது சரியாக இருந்தால், டேட் அண்ட் டைம் செட்டிங்கில் 'செட் டைம் ஆட்டோமேட்டிக்கலி'யை அணைத்து, நேரத்தைக் கையால் சரியாக வைத்து, ஒரு நாள் முழுக்க ஓடவிடுங்கள். ஒன்றிரண்டு வினாடி முன்னே போனால் கவலை வேண்டாம். மதர்போர்டு கடிகாரத்தின் குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது, அதில் பத்து லட்சத்துக்கு 20 பிசகினாலே நாளுக்கு 1.7 வினாடி வந்துவிடும். நிமிடக் கணக்கில் ஓடினால்தான் கோளாறு. அப்போது அந்தக் கம்ப்யூட்டரில் ஓடிபி எண் உருவாக்கும் ஆப் இருந்தால் அதுவும் தகராறு செய்யும், அந்த எண்கள் 30 வினாடிக்கு ஒருமுறை நேரத்தை வைத்துத்தான் உருவாகின்றன.

இப்போதுதான் முக்கியமான சோதனை. கம்ப்யூட்டரில் இரண்டு கடிகாரம் உண்டு: மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் மதர்போர்டு கடிகாரம், ஆன் செய்தபின் விண்டோஸ் தானே எண்ணிக்கொள்ளும் கடிகாரம். எது ஓடுகிறது என்று தெரியாமல் எதையும் மாற்றாதீர்கள். ஆன் செய்ததும் எஃப்2 அல்லது டெலீட் அழுத்தி பயாஸுக்கு (விண்டோஸ் ஏறும் முன் வரும் மதர்போர்டின் செட்டிங் திரை) போய் நேரத்தை வினாடி சுத்தமாக வைத்து சேவ் செய்யுங்கள், மறுபடி பயாஸுக்குள்ளேயே வந்து அங்கிருந்தபடியே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள், ஏனென்றால் இடையில் விண்டோஸ் ஏறினால் அது தன் நேரத்தை மதர்போர்டில் எழுதிவிடலாம். மறுநாள் காலையில் நேராக பயாஸைத் திறந்து போனோடு பாருங்கள்.

அங்கேயே முன்னால் ஓடியிருந்தால் கோளாறு போர்டில். படிகத்தை மாற்றுவது வீட்டில் செய்யும் வேலை இல்லை, நேரத்துக்காக மட்டும் போர்டை மாற்றுவதும் வீண் செலவு.

பயாஸில் சரியாக இருந்து விண்டோஸ் ஓடும்போது மட்டும் முந்தினால் ஓவர்கிளாக்கிங்கை, அதாவது ப்ராசஸரை அதற்குரிய வேகத்தைத் தாண்டி ஓட்டுவதை, சந்தேகப்படுங்கள். ப்ராசஸர் வேகத்துக்கு அடிப்படையான பேஸ் கிளாக்கை விண்டோஸ் ஓடும்போதே மாற்றினால் விண்டோஸ் 8-இன் நேரமே பிசகியது, அதனால் 2013-இல் ஹெச்டபிள்யூபாட் தளம் அதில் எடுத்த ஓவர்கிளாக்கிங் சாதனைகளை ஏற்க மறுத்தது. பயாஸில் 'லோட் டீஃபால்ட்ஸ்' கொடுங்கள், அப்புறம் பயாஸ் அப்டேட் இருந்தால் போடுங்கள்.

எதுவானாலும் கடைசியில் தானியங்கி நேரத்தை மறக்காமல் ஆன் செய்து 'சிங்க் நவ்' அழுத்துங்கள். சர்வீசஸ் பட்டியலில் 'விண்டோஸ் டைம்' ஆட்டோமேட்டிக்கில் இருக்கட்டும். வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் என்றால் விண்டோஸ் தானாகத் திருத்தாது, தேதியை முதலில் நீங்களே கிட்டத்தட்ட சரியாக வைத்துவிட்டு சிங்க் செய்யுங்கள்.