ரேட்டிங் கூடியவருடன் மோதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓப்பன் செஸ் போட்டிகளில் முதல் சுற்றிலேயே பலருக்கு வயிற்றைக் கலக்கும். சுவிஸ் முறையின் முதல் சுற்றில், ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) வரிசைப் பட்டியலின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் மோதுவதால், 1500 ரேட்டிங்காரர் எதிரே 1900 வந்து உட்காருவார். உடனே 'டிரா கிடைத்தால் போதும்' என்று, சிக்கிய காயையெல்லாம் வெட்டி மாற்றத் தொடங்குவார்கள். என் பார்வையில் பெரிய தவறு இதுதான். காய் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று தோன்றும். ஆனால் பலசாலியின் கை ஓங்குவதே காய்கள் குறைந்த இறுதிக்கட்டத்தில்தான்.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் 14ஆவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரேட்டிங்கில் குகேஷுக்குக் கீழே இருந்த அப்போதைய சாம்பியன் டிங் லிரன், வெள்ளைக் காய்கள் கையில் இருந்தும், ஒரு சிப்பாயை விட்டுக்கொடுத்து டிராவை நோக்கிப் போனார். நிலையும் டிராதான். குகேஷ் விடவில்லை. 55ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். யானைகள் வெட்டுப்பட்டன, மூலையில் இருந்த மந்திரியையும் மாற்றியே தீர வேண்டிய நிலை. மிஞ்சியது சிப்பாய்களும் ராஜாக்களும் மட்டும். 58ஆவது நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது, பட்டமும் கைமாறியது.

'தோற்றால் ரேட்டிங் புள்ளி போகுமே' என்ற பயமும் வேண்டாம். ரேட்டிங் வித்தியாசம் 400, கே மதிப்பு (ஓர் ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு மாறலாம் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 20 என்றால், தோல்வியில் போவது 2 புள்ளிக்கும் குறைவு. டிரா செய்தால் 8, ஜெயித்தால் 18 வரை ஏறும். இவ்வளவு சாதகமான கணக்கு வேறெங்கே கிடைக்கும்? துணிந்து ஆடுங்கள்.

அப்புறம் இன்னொரு தவறு, ரேட்டிங் கூடியவர் வைத்த நகர்த்தல் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுவது. அவர் ஒரு காயைச் சும்மா விட்டிருந்தால், பொறி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வெட்டுங்கள். 2022 பிப்ரவரியில் இணையவழி ரேபிட் போட்டியில், 16 வயது பிரக்ஞானந்தா கறுப்புக் காய்களுடன் அப்போதைய உலக சாம்பியன் கார்ல்சனை 39 நகர்த்தல்களில் வென்றார். கார்ல்சனும் தவறு செய்வார்.

அடிக்கடி டிரா கேட்காதீர்கள். தொந்தரவு என்று ஆர்பிட்டர் (நடுவர்) கண்டிக்கலாம்.

ரேட்டிங் கூடியவருக்கும் ஒரு வார்த்தை. சமநிலையில் பொறுமை இழந்து, கணக்கில்லாமல் காயைத் தியாகம் செய்து சீக்கிரம் முடிக்கப் பார்க்காதீர்கள். காய்களைப் போர்டில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நகர்த்தலிலும் எதிராளிக்கு ஒரு சின்னப் பிரச்சினை கொடுத்துக்கொண்டே இருங்கள்.