பல் வேர்க் கிருமிக்கு எண்ணெய் சோதிக்கிறவர்களுக்கு: நான் செய்த தவறுகள்

தீசிஸ் தலைப்பு தேடி வருகிற பிள்ளைகளில் ஒருவராவது கீழமாசி வீதியில் வாங்கிய எண்ணெய் பாட்டிலோடு வந்து நிற்பார். கையுறை, லேபிள் எல்லாம் உங்கள் கைடு சொல்லிவிடுவார், விடுகிறேன்.

எண்ணெயின் ஆவி

எவ்வளவு குறைந்த எண்ணெய்க்குக் கிருமி அடங்குகிறது என்று பார்க்க, 96 வெல் பிளேட்டில் (96 சின்னக் குழிகள் உள்ள தட்டு) எண்ணெயைப் பாதிப் பாதியாக டைல்யூட் செய்துகொண்டே போய், கடைசிக் குழிகளில் எண்ணெய் இல்லாமல் கிருமியை மட்டும் விட்டு (இதுதான் கண்ட்ரோல்), 37 டிகிரியில் ஒரு ராத்திரி வைப்போம். கிருமி என்டெரோகாக்கஸ் ஃபீகாலிஸ். வேர் சிகிச்சை முடிந்தும் திரும்பச் சீழ் வைக்கிற பல்லில் அடிக்கடி அகப்படுகிறவன், வேருக்குள் வைக்கிற மருந்தான கால்சியம் ஹைட்ராக்சைடின் காரத்தையே தாங்குகிறவன். நான் முதன்முதலில் ஓம எண்ணெய் வைத்தபோது, காலையில் பார்த்தால் எண்ணெயே படாத குழிகளிலும் அவன் வளரவில்லை. கல்ச்சர் செத்துவிட்டது என்று புதிதாக வாங்கினேன், பிராத்தை (கிருமியை வளர்க்கிற சத்து நீர்) கொட்டிவிட்டு மறுபடி தயாரித்தேன், இன்குபேட்டரையும் சந்தேகப்பட்டேன், இரண்டரை மாதம் போயே போச்சு. கடைசியில் கிருமியை மட்டும் தனி பிளேட்டில் வைத்தால் ஜம்மென்று வளர்ந்திருக்கிறான். பழைய பிளேட்டின் மூடியைத் திறந்ததும் ஓமவாட்டர் வாசம் (மோந்து பார்ப்பது இன்னொரு தவறு, செய்யாதீர்கள்).

ஓமத்திலுள்ள தைமால் ஆவியாகும். மூடிக்கு அடியிலுள்ள சந்து வழியாகப் பக்கத்துக் குழிக்குப் போய்விடும். கண்ட்ரோல் செத்தால்கூடப் பரவாயில்லை, விஷயம் தெரிந்துவிடும். கண்ட்ரோல் தள்ளி இருந்து தப்பித்து, நடுக்குழிகள் மட்டும் பலியானால் எண்ணெய்க்கு இல்லாத வீரியம் அட்டவணையில் ஏறிவிடும், யாரும் ஏனென்று கேட்கவும் மாட்டார்கள். போன மாதம்கூட ஒரு தம்பி, "சார், எட்டாவது டைல்யூஷன்லயும் கொல்லுது!" என்று ஓடிவந்தார். எனக்கு வந்த எரிச்சல் இருக்கிறதே!

ஒரு பிளேட்டுக்கு ஒரு எண்ணெய். தனி பிளேட்டிலும் ஒரு கண்ட்ரோல். குழிகளை ஒட்டும் ஃபிலிமால் மூடுங்கள். இவனுக்குக் காற்றில்லாமலும் வளரத் தெரியும், மூச்சு முட்டாது. நான் இப்போது பிளேட்டையே விட்டுவிட்டு ஸ்க்ரூ மூடி போட்ட கண்ணாடிக் குழாயில்தான் செய்கிறேன்.

ட்வீன் 80

எண்ணெய் தண்ணீரில் கலக்க நாம் சேர்க்கிற பொருள் இது. கொல்வது எண்ணெயா இதுவா என்று தெரிய, இது மட்டும் போட்ட குழியும் வேண்டும்.

மிதக்கிறவனைக் கொன்றால் போதாது

பிளேட்டில் கிருமி பிராத்தில் மிதக்கிறான். பல்லில் அவன் படலமாக ஒட்டிக்கொண்டு, பல்லின் டென்டின் என்ற உள்ளடுக்கிலுள்ள, ஓரிரு மைக்ரான் அகலமே உள்ள நுண்குழாய்களுக்குள் ஒதுங்கியிருப்பான். பிடுங்கிய பல்லின் துண்டில் மூன்று வாரம் வளர்த்து, எண்ணெயை, வேரைக் கழுவப் பயன்படுகிற சோடியம் ஹைபோகுளோரைட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஹைபோகுளோரைட் செத்த சதையையும் கரைக்கும். உங்கள் எண்ணெய் கரைக்காது.

மதுரை மல்லி எண்ணெய்

வேண்டாம். மல்லிகையைப் பொதுவாக நீராவியில் வடிப்பதில்லை, கரைப்பான் ஊற்றித்தான் எடுக்கிறார்கள். நீங்கள் நூறு ரூபாய்க்கு வாங்கி வந்தது சென்ட்.