சிற்றூரில் கூத்துப் பட்டறை நடத்த அரசு நிதி: சங்கப் பதிவு முதல் கணக்கு முடிப்பது வரை

செய்யாறு பக்கத்திலுள்ள புரிசைக்குத் தெருக்கூத்து பார்க்க ஆண்டுதோறும் வெளியூர்க்காரர்கள் வந்துபோகிறார்கள். மெலட்டூரும் அப்படித்தான்: நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி பாகவத மேளா நாட்டிய நாடகம். இரண்டு ஊரிலும் கலை ஊருக்குள்ளேயே வளர்ந்தது, விழா எந்தக் காலத்தில் நடக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். உங்கள் ஊரில் கூத்தோ பொம்மலாட்டமோ நலிந்து கிடக்கிறது, அதை வைத்து ஊருக்குக் கொஞ்சம் உயிரூட்டலாம் என்று நினைத்தால், ஒருநாள் மேடை விழாவுக்குப் பணம் கேட்காதீர்கள். மறுநாள் பந்தல் பிரித்ததும் ஊர் பழையபடியாகிவிடும். பயிற்சியும் அரங்கேற்றமும் சேர்ந்த பட்டறைக்குக் கேளுங்கள். வாத்தியார், சமையல்காரர், தையற்காரர் என்று பணம் ஊருக்குள்ளேயே சுற்றும்.

1. யார் பெயரில் விண்ணப்பிப்பது?

மத்திய கலாச்சார அமைச்சகத்தின் ‘கலா சன்ஸ்கிருதி விகாஸ் யோஜனா’வின் கீழ் பண்பாட்டு நிகழ்ச்சிகளுக்கும் தயாரிப்புகளுக்கும் நிதியுதவி உண்டு. பொதுவாக ஒரு திட்டத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. மொத்தச் செலவில் 75 சதவீதத்துக்கு மேல் தரமாட்டார்கள். மீதி 25 சதவீதம் உங்கள் பொறுப்பு. விதிகள் அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை முழுதாகப் படியுங்கள்.

பலர் வழுக்கும் இடம் இதுதான்: கோயில் திருவிழாக் குழுவின் பெயரில் இதைக் கேட்க முடியாது. சமய அமைப்புகள், பள்ளி, கல்லூரிகளுக்கு இத்திட்டம் இல்லை. திரௌபதி அம்மன் கோயிலில்தான் கூத்து நடக்கிறது என்றாலும், விண்ணப்பிப்பது தனியான கலைச் சங்கமாக இருக்க வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் பதிவு செய்ய குறைந்தது 7 பேர் வேண்டும். பதிவாகி மூன்றாண்டு ஆகியிருக்க வேண்டும் என்பதால், இன்றைக்குப் பதிந்துவிட்டு நாளைக்கே கேட்க வழியில்லை. அந்த மூன்றாண்டும் சின்னதாகவேனும் நிகழ்ச்சி நடத்தி, அழைப்பிதழ், புகைப்படம், தணிக்கை செய்த கணக்கு மூன்றையும் சேர்த்து வையுங்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. பெங்களூருவிலுள்ள இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளை (ஐஎஃப்ஏ) தனிநபர்களுக்கும் நல்கை (நிதியுதவி) தருகிறது. இந்திய மொழிகளிலேயே எழுதி அனுப்பலாம்.

2. காகிதங்கள்

சங்கத்துக்கு பான் எண், வங்கிக் கணக்கு, தொண்டு நிறுவனங்களுக்கான அரசுத் தளமான ‘என்ஜிஓ தர்பன்’இல் பதிவு எண், மத்திய அரசின் பணப் பட்டுவாடா தளமான பிஎஃப்எம்எஸ்ஸில் பதிவு. இந்த நான்கிலும் சங்கத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் ‘தெருக்கூத்து மன்றம்’, இன்னொன்றில் ‘தெருகூத்து மன்றம்’ என்று ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறினாலே பணம் திரும்பிப் போகும். தலைவர் மாறியிருந்தால் பதிவாளர் அலுவலகத்தில் புதிய நிர்வாகிகள் பட்டியல் ஏறிவிட்டதா என்றும் பாருங்கள்.

3. எப்போது நடத்துவது?

வடமாவட்டங்களில் பங்குனி தொடங்கி ஆடி வரை பாரதக் கூத்து நடக்கும். அப்போது நல்ல வாத்தியார் கிடைக்கமாட்டார். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆவணி, புரட்டாசி தோது. காலாண்டு விடுமுறையை ஒட்டி வைத்தால் பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள். முகவீணை (கூத்துக்கு ஊதும் சிறு நாயனம்) வாசிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள், அவர்கள் தேதியை முதலில் வாங்கிக்கொண்டு மற்றவர்களிடம் பேசுங்கள்.

4. வரவு செலவுத் திட்டம்

திட்ட அறிக்கையை அலங்காரமாக எழுதுவதைவிட இதில் நேரம் செலவிடுவது மேல். 20 மாணவர்கள், 15 நாள் பட்டறை, கடைசியில் இரண்டு இரவு ஆட்டம் என்று வைத்துக்கொண்டால் (தொகைகள் மாதிரிக்கு, உங்கள் ஊர் விலையைப் போடுங்கள்):

- வாத்தியார்கள் 4 பேர் × 15 நாள் × ₹1,500 = ₹90,000
- சாப்பாடு 30 பேர் × 15 நாள் × ₹180 = ₹81,000
- கிரீடம், புஜக்கட்டை, உடுப்பு, அரிதாரம் = ₹60,000
- ஒலி, ஒளி 2 இரவு × ₹20,000 = ₹40,000
- அழைக்கும் குழுக்கள் 3 × ₹25,000 = ₹75,000
- ஒளிப்பதிவு = ₹30,000
- சுவரொட்டி, அழைப்பிதழ் = ₹9,000
- தணிக்கையாளர் கட்டணம் = ₹15,000

மொத்தம் ₹4,00,000. கேட்பது ₹3,00,000, உங்கள் பங்கு ₹1,00,000. இந்த ஒரு லட்சத்தை ஊரார் நன்கொடையாகத் திரட்டி வங்கியில் போட்டுக் காட்டுங்கள். ‘அரிசி மூட்டை தந்தார்கள், திண்ணை தந்தார்கள்’ என்பதைக் கணக்கில் நிறுவுவது கடினம். ‘இதர செலவு ₹50,000’ என்று ஒரே வரியில் போட்டால் கண்டிப்பாகக் கேள்வி வரும். கொட்டகை கட்டுவது, வண்டி வாங்குவது இதில் வேண்டாம்.

பணம் தவணையாக வரும், கடைசித் தவணை கணக்கு கொடுத்த பிறகுதான். அதனால் அந்தத் தொகை கைக்கு வரும்வரை சமாளிக்க யாரிடம் கைமாற்று வாங்குவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். அனுமதிக் கடிதம் வராமல் எவருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

5. ஒலிபெருக்கி

விடிய விடிய ஆடுவதுதான் கூத்து. சட்டமோ இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியும் இசைக்கருவியும் கூடாது என்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி, பண்பாட்டு, சமய விழாக்களுக்காக நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம், அதுவும் ஆண்டில் மொத்தம் 15 நாளுக்கு மட்டும். ஆகவே ஆட்டத்தை மாலை 6 மணிக்கே தொடங்கி, அனுமதித்த நேரத்துக்குள் முடியுங்கள். காவல் நிலையத்தில் எழுத்து மூலம் அனுமதி வாங்கி, நகலைக் கோப்பில் வையுங்கள்.

6. கணக்கு முடிப்பது

நல்கைக்குத் தனி வங்கிக் கணக்கு. அதில் சேரும் வட்டி உங்களுடையது அல்ல. செலவாகாத பணத்தோடு அதையும் அரசுக்குத் திருப்பிச் செலுத்த வேண்டும். ஒரே நாளில் ஒருவருக்கு ₹10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வரிவிலக்குப் பெற்ற அமைப்பென்றால் அந்தச் செலவை வருமான வரியில் ஏற்கமாட்டார்கள். அழைத்த குழுவின் ₹25,000 வங்கி வழியேதான் போக வேண்டும். கலைஞர்களில் சிலருக்கு வங்கிக் கணக்கு செயல்படாமல் கிடக்கும், பட்டறை தொடங்கும் முன்பே அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுச் செலவுக்குக் கடைப் பில் மட்டும் போதாது. தினமும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள். 30 பேருக்குப் பில், பதிவேட்டில் 18 கையெழுத்து என்றால் தணிக்கையில் நிற்காது.

முடிந்ததும் மத்திய அரசின் பொது நிதி விதிகளிலுள்ள (ஜிஎஃப்ஆர்) 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ், தணிக்கை செய்த செலவுக் கணக்கு, நிகழ்ச்சி அறிக்கை, புகைப்படங்கள். நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் சான்றிதழ் போய்ச் சேர வேண்டும் என்பது பொது விதி. ஆனால் அவ்வளவு நாள் இழுக்காதீர்கள். பழைய சான்றிதழ் நிலுவையில் இருந்தால் அடுத்த விண்ணப்பம் நகராது. ஆட்டம் முடிந்த வாரத்திலேயே ரசீதுகளை வரிசைப்படுத்தித் தணிக்கையாளரிடம் கொடுத்துவிடுங்கள். அரிதாரக் கடையில் துண்டுச்சீட்டில் எழுதித் தந்த பில் ஒரு மாதத்தில் காணாமல் போய்விடும்.